கட்டுக் காகிதமும் திறந்த கோப்பும்

தேனி 1997-ல் தனி மாவட்டமானது. அந்தப் புதிதில் கம்பம் பள்ளத்தாக்கில் நான் கள ஆய்வாளராக வேலை பார்த்தேன். மருத்துவ ஆய்வு என்றாலே அப்போது காகிதக் கட்டுதான். பெண்களுக்கு இரத்தசோகை எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் சர்வே எங்களுடையது. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி மலைக்குப் போய்விடுவார்கள். பொழுது சாய்ந்துதான் இறங்கி வருவார்கள். அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கோழி கூவும் நேரத்தில் கோம்பையிலோ தேவாரத்திலோ காமயகவுண்டன்பட்டியிலோ வாசலில் நிற்க வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்கும், பிள்ளை இடுப்பில் இருக்கும், ஜீப்காரர் ஹாரன் அடிப்பார். அதற்கு நடுவே நின்று எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள்.

பெயர், வயது, எத்தனை பிரசவம், முந்தின நாள் என்ன சாப்பாடு என்று பக்கம் பக்கமாக ஃபார்ம் நீளும். பிறகு விரல் நுனியில் ஊசியால் குத்தி, 20 மைக்ரோலிட்டர் இரத்தத்தை உறிஞ்சி, வடிதாளில் விட்டுக் காயவைத்து, எண் எழுதி உறையில் போடுவோம். ஆய்வகத்தில் அந்தச் சிவப்பு வட்டத்தை வெட்டியெடுத்து டிராப்கின் கரைசலில் ஊறவைத்து ஹீமோகுளோபினை அளப்பார்கள். ஃபார்ம்களை ஊர்வாரியாகச் சணலில் கட்டி அலுவலகத்துக்கு அனுப்புவோம். அங்கே இரண்டு பேர் தனித்தனியாக ஒரே ஃபார்மைக் கணினியில் ஏற்றுவார்கள். இரண்டு பதிவும் ஒத்துப்போகாத இடத்தை மென்பொருள் காட்டும். கட்டைப் பிரித்து மூல ஃபார்மைப் பார்த்துத் திருத்துவார்கள். எபி இன்ஃபோ 6 என்ற இலவச மென்பொருள்தான் அன்றைக்குப் பொதுச் சுகாதார ஆய்வாளர்களின் கைக்கருவி. கேள்வித்தாள் ஒரு கோப்பு, தரவு இன்னொரு கோப்பு, சரிபார்க்கும் விதிகள் மூன்றாவது கோப்பு. மூன்றும் சேர்ந்து 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் அடங்கிவிடும்.

கோம்பையில் ஓர் அக்கா விரலைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே கேட்டார்: “ஏந்தாயி, இத்தன பேரு ரத்தத்த எடுத்துட்டுப் போறீக. அது என்னாச்சுன்னு யாரு வந்து சொல்லுவாக?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை வருடங்களாகத் தரவு சம்பந்தமான வேலையிலேயே இருக்கிறேன்.

அந்த சர்வேயின் அறிக்கை வந்தது. அதில் சராசரிகளும் சதவீதங்களும் இருந்தன. திட்டம் முடிந்தது, ஆட்கள் வேறு வேறு வேலைக்குப் போனார்கள். சில வருடம் கழித்து ஒரு மாணவர் அதே ஊர்களில் நிலைமை மாறியிருக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டார். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய தரவு வேண்டும். ஃபிளாப்பியைப் படிக்க முடியவில்லை. பிரதி ஒன்று வேறொரு கணினியில் கிடைத்தது. திறந்து பார்த்தால் நெடுவரிசைகளின் தலைப்பு ‘கியூ14பி’, ‘கியூ14சி’ என்று போகிறது. உள்ளே 1, 2, 9. அந்த 9 என்பது ஒன்பது மாதமா, பதில் இல்லை என்பதற்கான குறியா? எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டிய கோடு புக் எங்கேயும் இல்லை. காகிதக் கட்டுகளைக் கறையான் முடித்துவிட்டது. ஒரு பள்ளத்தாக்கே விடியற்காலையில் நின்று கொடுத்த பதில்கள் அறிக்கையின் சில அட்டவணைகளோடு நின்றுபோயின.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை. 2 முதல் 22 வருடம் வரை பழைமையான 516 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மூலத் தரவு இன்னும் கிடைக்கிறதா என்று ஒரு குழு விசாரித்தது. 2014-ல் வெளியான அந்த ஆய்வின்படி, கட்டுரைக்கு ஒரு வயது கூடக்கூடத் தரவு கிடைக்கும் வாய்ப்பு 17 சதவீதம் வீதம் குறைகிறது. மின்னஞ்சல் முகவரி செத்துப்போகிறது, சேமித்த கருவி வழக்கொழிகிறது, தெரிந்த ஒருவர் ஓய்வு பெறுகிறார். 2016-ல் ‘நேச்சர்’ இதழ் 1,576 ஆய்வாளர்களிடம் கேட்டது. மற்றவர் செய்த சோதனையைத் தாங்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வராமல் போனதுண்டு என்று 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் சொன்னார்கள். திரும்பச் செய்து பார்க்க முடியாத முடிவை நம்பி ஒரு மருத்துவர் எப்படி மருந்து எழுதுவார்? ஓர் அரசு எப்படித் திட்டம் போடும்?

இதைவிடப் பழைய தரவு ஒன்று இதே பள்ளத்தாக்கிலிருந்து பிழைத்து வந்திருக்கிறது. உத்தமபாளையத்தில் என் அப்பத்தா பிளேக் காலத்தைப் பற்றிச் சொல்லுவார். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் குடிசை போட்டுக் கிடப்பார்களாம். “எலி விழுந்தா ஊரக் காலி பண்ணணும், அம்புட்டுத்தேன்” என்பார். சின்ன வயதில் அதைக் கதை என்றுதான் நினைத்தேன். பின்னால் நூலகத்தில் 1934-ஆம் வருட ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழின் 22-ஆம் தொகுதியில், பி. வி. ஜார்ஜ், டபிள்யூ. ஜே. வெப்ஸ்டர் இருவரும் எழுதிய கட்டுரையைக் கண்டேன். தலைப்பே தென்னிந்தியாவின் கம்பம் பள்ளத்தாக்கில் நடத்திய பிளேக் விசாரணை என்பதுதான். 77-ஆம் பக்கம் தொடங்கி 104-ஆம் பக்கம் வரை அது நீள்கிறது. அப்பத்தாவின் நினைவில் பயமாக இருந்தது, அந்தப் பக்கங்களில் எண்ணிப் பார்க்கக்கூடிய உண்மையாக இருந்தது.

அந்தக் காலத்துப் பிளேக் ஆய்வில் எலியைப் பிடிப்பது, அதன் உடம்பிலிருந்து தெள்ளுப்பூச்சிகளைச் சீவி எடுப்பது, ஓர் எலிக்கு எத்தனை தெள்ளு என்று கணக்கிடுவது எல்லாம் அன்றாட வேலை. அந்தக் கணக்குக்குள் ஒரு பாடம் இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் இந்திய எலிகளின் தெள்ளை எல்லாம் ‘கியோபிஸ்’ என்ற ஒரே இனமாகத்தான் எண்ணினார்கள். 1911-ல் பூச்சி ஆய்வாளர் ராத்ஸ்சைல்டு அதிலிருந்து ‘ஆஸ்டியா’ என்ற இனத்தைப் பிரித்துக் காட்டினார். கொழும்பில் வேலை பார்த்த ஃபேபியன் ஹிர்ஸ்ட், ஆஸ்டியா பிளேக்கை அவ்வளவாகப் பரப்பாது என்று வாதிட்டார். சென்னையும் கொழும்பும் நெடுநாள் பிளேக் பக்கம் போகாமல் தப்பியதற்கு அங்கே ஆஸ்டியா அதிகம் இருந்ததே காரணமாகலாம் என்றார். அந்த விளக்கம் வந்த பிறகு, எந்த ஊரில் எந்தத் தெள்ளு என்று பார்ப்பது பிளேக் ஆய்வின் மையமான கேள்வியானது. பழைய நோட்டில் ‘தெள்ளு இத்தனை’ என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தால் அதை இனிப் பிரிக்க முடியாது. பிடித்த தெள்ளைக் குப்பியில் போட்டு, இடமும் தேதியும் எழுதி வைத்திருந்தால் புதிய கண்ணோடு மறுபடி எண்ணலாம். மூலத்தை அப்படியே வைத்திரு, சுருக்கத்தை மட்டும் வைக்காதே என்று இன்று தரவு வகுப்பில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

பம்பாயின் பிளேக் கணக்குக்கு இன்னும் பெரிய பயணம். அன்றைய பிளேக் ஆய்வுக் குழு வாரவாரம் இறந்தவர்களின் எண்ணிக்கையை முழுசாக அச்சிட்டது. 1927-ல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் தொற்றுநோய் எப்படி ஏறி இறங்கும் என்பதற்கு ஒரு கணித மாதிரி எழுதினார்கள். மெக்கென்ட்ரிக் இந்தியாவில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். தங்கள் மாதிரியைப் பொருத்திக் காட்ட அவர்கள் எடுத்துக்கொண்டது, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் வாரந்தோறும் பிளேக்கில் செத்தவர்களின் எண்களை. கொரோனா காலத்தில் செய்தித்தாள்களில் பார்த்த வளைகோடுகளுக்கெல்லாம் அந்தக் கட்டுரைதான் தாய்வீடு. அந்த எண்கள் யாருடைய மேசை இழுப்பறையிலும் பூட்டப்படாமல் அச்சில் இருந்ததால்தான், 2012-ல் நிக்கோலா பகாயேர் என்ற கணித ஆய்வாளர் அவற்றை மறுபடி எடுத்து, பருவகால ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் கொள்ளாத அந்த மாதிரி பம்பாய் பிளேக்குக்குச் சரியாகப் பொருந்தாது என்று காட்ட முடிந்தது. 85 வருடம் கழித்து ஒருவர் திருத்த முடிகிறது என்றால் அதுதான் அறிவியலுக்குப் பெருமை. அந்தத் திருத்தத்துக்கான கதவைத் திறந்து வைத்தவர்கள், எண்களை மறைக்காமல் அச்சிட்டவர்கள்.

தரவைப் பகிர்ந்தால் உயிர் விஷயத்திலேயே தெளிவு வரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மதுல்லா தலைமையில் திருச்சி வட்டாரத்தில் 15,419 குழந்தைகளிடம் நடந்த வைட்டமின் ஏ சோதனை 1990-ல் வெளியானது. வாரம் ஒரு சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடம் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு அதே குழு, பிறந்த கையோடு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுத்துப் பார்த்தது. 11,619 குழந்தைகள் சேர்ந்த அந்தச் சோதனை 2003-ல் வந்தது. இறப்பு 22 சதவீதம் குறைவு. ஆனால் ஆப்பிரிக்காவில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் தென்படவில்லை. யார் சொல்வது சரி? கட்டுரைகளை எதிரெதிரே வைத்துச் சண்டை போட்டால் விடை வராது. பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் சோதனைகளில் இருந்த ஒவ்வொரு குழந்தையின் தரவையும் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். 2019-ல் வெளியான அந்தக் கூட்டுப் பகுப்பாய்வில், எல்லா இடத்துக்கும் பொதுவான பலன் இல்லை என்றும், தெற்காசியாவிலும் வைட்டமின் ஏ பற்றாக்குறை உள்ள தாய்மார் அதிகமுள்ள இடங்களிலும் பலன் தெரிகிறது என்றும் தெளிவானது. சராசரிகளை மட்டும் வைத்திருந்தால் அந்த வேறுபாடு புதைந்தே போயிருக்கும்.

நாங்கள் அளந்த இரத்தசோகைக்கே வருகிறேன். தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில், 2015-16-ல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 58 சதவீதத்துக்கும் மேல் இரத்தசோகை என்று வந்தது. அடுத்து 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் அது ஏறத்தாழ 41 சதவீதம்தான். ஓரிரு வருடத்தில் நாட்டுக் குழந்தைகள் எல்லாம் திடீரென்று தேறிவிடவில்லை. வயது வரம்பில் இருக்கும் சிறு வித்தியாசம் ஒருபுறம். முக்கியமாக, முதல் ஆய்வில் விரலில் குத்திய இரத்தம், கையடக்கக் கருவி. இரண்டாவதில் நரம்பிலிருந்து எடுத்த இரத்தம், ஆய்வகக் கருவி. ஹீமோகுளோபின் 10.8 என்று எழுதினால் போதாது. விரலா நரம்பா, வடிதாளா நேரடியா, எந்தக் கருவி, எந்தக் கரைசல், அன்று கருவியைச் சரிபார்த்தார்களா என்பதும் அந்த எண்ணோடு பயணம் செய்ய வேண்டும். என் இளவயதில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாலி முறைதான். குழாயில் இரத்தத்தைக் கலந்து, நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டு அளவு சொல்வார்கள். ஒருவர் கண்ணுக்கு ஒன்பது, அடுத்தவர் கண்ணுக்குப் பத்து. ‘முறை’ என்று ஒரு நெடுவரிசை இல்லாத பழைய ஏட்டை இன்றைய அளவோடு ஒப்பிடுவது வீண் வேலை.

இப்போது காலம் எவ்வளவோ மாறிவிட்டது. அதே கோம்பைக்குப் போகும் பிள்ளைகள் கையில் டேப்லெட் வைத்திருக்கிறார்கள். வயது 240 என்று தட்டினால் அந்த இடத்திலேயே கருவி மறுக்கிறது. ஆண் என்று போட்டுவிட்டுப் பிரசவக் கேள்விக்குப் போக முடியாது. வீட்டின் இடக்குறி, நேரம், கேள்வி கேட்டவரின் எண் எல்லாம் தானாகப் பதிகிறது. சாயங்காலம் ஜீப் தேனிக்குத் திரும்புமுன் தரவு சர்வருக்குப் போய்விடுகிறது. பகுப்பாய்வை யாரும் கால்குலேட்டரில் தட்டிக் கையால் எழுதுவதில்லை. ஒவ்வொரு படியும் நிரல் வரியாக இருக்கிறது. மூலக் கோப்பும் அந்த நிரலும் இருந்தால் பெரியகுளத்தில் செய்த கணக்கைப் பெர்லினில் உட்கார்ந்து அப்படியே திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

நாட்டு அளவிலும் ஏற்பாடுகள் வந்துவிட்டன. மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்யும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம் 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். சோதனை தொடங்கும் முன்பே ‘இதைத்தான் அளக்கப் போகிறோம்’ என்று ஊரறியச் சொல்லிவிட்டால், பிறகு பிடித்த முடிவை மட்டும் பொறுக்கிக் காட்ட முடியாது. 2016-ல் உலக ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து தரவுக்கு நான்கு இலக்கணம் வகுத்தார்கள்: தேடினால் கிடைக்க வேண்டும், முறையாகக் கேட்டால் எட்ட வேண்டும், மற்றத் தரவோடு சேர வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும். 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நான்கு பெட்டாபைட் சேமிப்போடு அது தொடங்கியது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு அங்கே வைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. விண்ணப்பம் போட்டு, நோக்கம் சொல்லி, விதிக்குக் கட்டுப்பட்டுத்தான் எடுக்க முடியும். உடல் சம்பந்தமான தரவுக்கு அதுவே சரியான வழி.

கருவி வந்தால் போதுமா என்றால் போதாது. கொரோனா காலம் அதைக் காட்டியது. தமிழ்நாடு சுகாதாரத் துறை தினமும் செய்திக் குறிப்பு வெளியிட்டது. மாவட்ட எண்ணிக்கை இருந்தது. இறந்த ஒவ்வொருவரின் வயது, பாலினம், மாவட்டம், இணைநோய் எல்லாம் இருந்தது. பெயர் மட்டும் இருக்காது. அந்த வெளிப்படைத்தன்மை பெரிய விஷயம். ஆனால் அது பி.டி.எஃப். ஆக வந்தது. கண்ணால் படிக்கலாம், கணினிக்குக் கணக்குப் போட வராது. தன்னார்வலர்கள் மாநில அரசுகளின் குறிப்புகளிலிருந்து எண்களை எடுத்து அட்டவணையாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். ‘கோவிட்19இந்தியா’ என்ற பெயரில் இயங்கிய அந்தக் குழு 2021 அக்டோபர் 31 வரை அந்த வேலையைச் செய்தது. 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையின் நடுவே, முந்நூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் பரிசோதனைத் தரவை ஆய்வுக்குத் திறந்துவிடுங்கள் என்று பிரதமருக்கே கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வருடமே தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த தொடர்புத் தரவு ஆய்வாளர் கைக்குக் கிடைத்தது. 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் 2020-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: தொற்றுக்கு ஆளானவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் தொடர்பில் யாருக்கும் தொற்று கண்டறியப்படவில்லை, ஒரு சிலரிடமிருந்துதான் பலருக்குப் பரவியது. உலகமே படித்த அந்த உண்மை, நம் ஊர் செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் ஃபோனிலும் வாசலிலும் கேட்டுக் குறித்துக்கொண்டதிலிருந்து பிறந்தது.

சின்ன அலட்சியம்கூடப் பெரிதாக வளரும். எக்செல்லில் ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்று பெயருள்ள மரபணுக்களைத் தட்டினால் அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும். 2016-ல் ஒரு குழு சோதித்துப் பார்த்ததில், மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தக் கோளாறு இருந்தது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். எங்கள் பக்கத்துத் தரவிலோ ஊர்ப்பெயர் பெரிய சிக்கல். 1934 கட்டுரையில் ‘மதுரை ஜில்லா’ என்றால் அது இன்றைய மதுரை, திண்டுக்கல், தேனி மூன்றும் சேர்ந்தது. திண்டுக்கல் 1985-ல் பிரிந்தது, தேனி 1997-ல். 1991 கணக்கெடுப்பையும் 2001 கணக்கெடுப்பையும் மாவட்டப் பெயரை வைத்து ஒப்பிட்டால் மதுரையின் மக்கள்தொகை ஏறத்தாழ கால் பங்கு சரிந்ததுபோலத் தோன்றும். போதாததற்கு ஆந்திராவிலும் ஒரு கம்பம் இருக்கிறது. ஊர்ப்பெயரோடு கணக்கெடுப்புக் குறியீட்டையும் எல்லை மாறிய வருடத்தையும் எழுதி வைக்காத கோப்பு, பத்து வருடத்தில் வேறு ஊரின் கோப்பாகிவிடும்.

பகிர வேண்டும் என்று நான் சொல்லும்போது பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி 2000-ல் காட்டினார்: அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் தெரிந்தால் அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண முடியும். கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு மூன்றுகூட வேண்டாம். மலையடிவாரச் சிற்றூர் ஒன்றின் பெயரும், சாதியும், வயது 34 என்பதும், எச்.ஐ.வி. என்ற சொல்லும் ஒரே வரியில் இருந்தால் டீக்கடைக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவர் வீட்டில் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள். அதனால் ஊரை வட்டாரமாகவும், வயதை ஐந்து வருடக் கட்டமாகவும் மாற்ற வேண்டும். நுணுக்கமான தரவைப் பொதுவெளியில் போடாமல் அனுமதி பெற்றவருக்கு மட்டும் தர வேண்டும். முக்கியமாக, ‘இந்தத் தரவை வேறு ஆய்வுக்கும் கொடுக்கலாமா’ என்று அந்த அக்காவிடமே அவர் பேச்சுத் தமிழில் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளும், 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை வலியுறுத்துகின்றன. காகிதத்தில் கைரேகை வாங்குவதோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடாது.

இப்போது இளைஞர்களுக்குத் தரவுப் பயிற்சி தரும்போது போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஒவ்வொரு லாட்டுக்கும் எண் உண்டு. மாதிரிப் பொட்டலம் ஏலத்துக்கு வந்த எல்லா வியாபாரி கையிலும் இருக்கும். ஒவ்வொருவரும் தானே நிறம் பார்த்து, உடைத்து, முகர்ந்துதான் விலை சொல்லுவார். ‘என் சரக்கு நல்ல சரக்கு, நம்புங்கள்’ என்று சொல்லி அங்கே யாரும் விற்க முடியாது. ஆய்வுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். மூலக் கோப்பைத் தொடாதே. திருத்தம் எல்லாம் நிரலில் இருக்கட்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அர்த்தம், அலகு, ‘பதில் இல்லை’ என்பதற்கான குறி மூன்றையும் தனிக் கோப்பில் எழுது. எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய வடிவில் சேமி. கோப்புக்குப் பதிப்பு எண் போடு. நீ இல்லாத நாளில் இன்னொருவரிடம் கொடுத்து, உன்னைக் கேட்காமல் அவருக்கு அதே விடை வருகிறதா என்று பார். அது வந்துவிட்டால்தான் வேலை முடிந்தது.

இந்த ஒழுங்குக்கு நேரமும் ஆளும் பணமும் வேண்டும். ஆய்வுத் திட்டங்களில் கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள். தரவைக் காக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கப் பெரும்பாலும் மனம் வருவதில்லை. கட்டுரை எழுதியவருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. நல்ல தரவுத் தொகுப்பைத் திறந்து வைத்தவருக்கு அதே மதிப்பு கிடைக்க வேண்டும். களத்தில் நின்று சேர்த்தவர்களின் பெயரும் அந்தத் தொகுப்பில் இருக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி தேனியிலேயே வந்துவிட்டது. முதுநிலை மாணவர்கள் வருடா வருடம் நம் மக்களை வைத்து ஆய்வு செய்து ஆய்வேடு சமர்ப்பிக்கிறார்கள். அவற்றின் தரவும் கோடு புக்கும் நூலகத்தில் ஆய்வேட்டோடு சேர்ந்தே இருந்தால், இந்தப் பள்ளத்தாக்கின் உடல்நலத்தைப் பத்துப் பதினைந்து வருட நீளத்தில் யாரும் படிக்கலாம். புதிதாக ஊசி குத்தாமலே பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

நெறிமுறைக் குழுக்கள் இன்று சம்மதப் படிவத்தையும் இழப்பீட்டையும் கவனமாகப் பார்க்கின்றன. கூடவே நான்கு கேள்வி கேட்க வேண்டும்: திட்டம் முடிந்த பிறகு தரவு யார் பொறுப்பில் இருக்கும்? பத்து வருடம் கழித்து வேறொருவர் அதைத் திறந்து, புரிந்து, திரும்பக் கணக்குப் போட முடியுமா? அடையாளம் வெளியே போகாமல் எப்படிக் காப்பீர்கள்? முடிவை ஊருக்கு எப்போது, யார் வந்து சொல்வார்? அடுத்த முறை ஓர் ஆய்வுக் குழு உங்கள் ஊருக்குள் நுழையும்போது பஞ்சாயத்துத் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் விரலை நீட்டப்போகும் நீங்களும் இதே நான்கையும் கேளுங்கள். எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பிறகு இரத்தம் கொடுங்கள்.